மீட்டர் 24 காட்டும், எஞ்சின் பிடிக்காது: டீசல் ஈசிஎம் சப்ளை கோளாறுக்கு முழுமையான வழிகாட்டி

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, டேங்கில் டீசல் இருக்கிறது, ஆனாலும் எஞ்சின் பிடிக்கவில்லை. ஸ்கேனரைச் செருகினால் ஏபிஎஸ் பேசுகிறது, மீட்டர் போர்டு பேசுகிறது, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசிஎம் மட்டும் வாய் திறக்கவில்லை. ஈசிஎம்மில் வயர்கள் வந்து சேரும் கப்ளரில் மல்டிமீட்டரை வைத்தால் 24 வோல்ட் அழகாகக் காட்டுகிறது. "சப்ளை வருது, எர்த் வருது, அப்போ ஈசிஎம்தான் போச்சு" என்று அங்கேயே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். வேறொரு ஈசிஎம்மை வாங்கி மாட்டி, அதுவும் அதே மாதிரி மௌனம் சாதிக்கும்போதுதான் வயரிங் பக்கம் கண் போகிறது.

தவறு மீட்டரில் இல்லை, அதை நம்பிய விதத்தில் இருக்கிறது. டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள் எதிர்ப்பு சுமார் 10 மெகாஓம். அது இழுக்கும் கரண்ட் மைக்ரோஆம்பியர் கணக்கு. வயரில் எல்லா இழையும் அறுந்து ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அவ்வளவு கரண்ட் தாராளமாகப் போகும். மீட்டர் 24 என்றே காட்டும். துருப்பிடித்த எர்த் லக் (வயர் முனையில் போல்ட் மாட்டும் வளையம்) ஒன்றில் அரை ஓம் எதிர்ப்பு இருப்பதாக வையுங்கள். அதில் 10 மில்லிஆம்பியர் போனால் இழப்பு 5 மில்லிவோல்ட், யாருக்கும் தெரியாது. டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரை அடிக்க ஈசிஎம் 10 ஆம்பியர் இழுக்கும்போது அதே லக்கில் 5 வோல்ட் காணாமல் போகும். அதனால் கீழே வரும் எல்லாச் சோதனைகளுக்கும் அடிப்படை ஒன்றுதான்: லோடு ஏற்றி அளக்காத வோல்டேஜைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

அளவுகள் 24 வோல்ட் லாரி, பஸ், டிப்பரை வைத்துச் சொல்லப்படுகின்றன. 12 வோல்ட் வண்டிக்கு மாறும் இடங்களில் அதையும் சேர்த்திருக்கிறோம்.

ஈசிஎம்முக்குக் கரண்ட் வரும் வழி

இரண்டு அமைப்புகள் பரவலாக இருக்கின்றன. பாஷ் இடிசி17 போன்ற ஈசிஎம்களில், சாவியை ஆன் செய்ததும் 15 என்று வரைபடத்தில் குறிக்கப்படும் சாவி லைன் ஈசிஎம்மை எழுப்பும். எழுந்த ஈசிஎம், மெயின் ரிலே என்ற காந்த ஸ்விட்சின் காயிலை எர்த்துக்கு இழுக்கும். ரிலே ஒட்டியதும் 87ஆம் கால் வழியாக கனமான சப்ளை ஈசிஎம்முக்கு வரும். கம்மின்ஸ் எஞ்சின்களில் பொதுவாக மெயின் சப்ளை பேட்டரியிலிருந்தே தனி ஃபியூஸ் வழியாக நிரந்தரமாக வந்து நிற்கும். சாவி லைன் வெறும் எழுப்பும் மணி. உங்கள் வண்டி எந்த வகை என்று வயரிங் வரைபடத்தில் பார்க்காமல் கப்ளரில் கை வைக்க வேண்டாம். பின் நம்பர்கள் ஒரே கம்பெனி ஈசிஎம்மிலேயே வண்டிக்கு வண்டி மாறும்.

பாசிட்டிவும் எர்த்தும் ஒற்றைப் பின்னில் வருவதில்லை, இரண்டு மூன்று பின்களில் பகிர்ந்து வரும். இதனால்தான் சில கோளாறுகள் ஆளை ஏமாற்றுகின்றன. மூன்றில் இரண்டு பின் போய்விட்டாலும் ஐடிலில் வண்டி ஓடும்; லோடு ஏற்றி மேட்டில் மிதித்தால் சாகும்.

சாவியை ஆஃப் செய்த பிறகும் ஈசிஎம் சில விநாடிகள் ரிலேயைப் பிடித்து வைத்துக்கொண்டு, கற்றுக்கொண்ட அளவுகளையும் ஃபால்ட் கோடுகளையும் எழுதி முடிக்கும். யூரியா ஊற்றும் பிஎஸ்6 வண்டிகளில் பைப்பில் இருக்கும் யூரியாவைத் திரும்ப இழுக்க இன்னும் அதிக நேரம் பிடிக்கும். இந்த நேரத்தில் சப்ளையை அறுப்பதும் ஒரு கோளாறுதான். அதைப் பிறகு பார்ப்போம்.

கையில் இருக்க வேண்டியவை

மிகக் குறைந்த, மிக அதிக அளவுகளைப் பிடித்து வைக்கும் மின்-மேக்ஸ் (MIN/MAX) பட்டன் உள்ள மல்டிமீட்டர், அந்த வண்டியின் வயரிங் வரைபடம், கப்ளரின் பின்பக்கமாகச் செருகும் மெல்லிய ஊசி, ஃபியூஸ் வைத்த ஜம்பர் வயர், இரண்டு பல்புகள். பல்புகள்தான் இதில் முக்கியம். 24 வோல்ட் 70 வாட் ஹெட்லைட் பல்ப் ஏறக்குறைய 3 ஆம்பியர் இழுக்கும். மெயின் சப்ளைக்கும் எர்த்துக்கும் அது. 24 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்ப் 1 ஆம்பியருக்குச் சற்றுக் கீழே; சாவி லைன் போன்ற மெல்லிய வயருக்கு அது போதும். 12 வோல்ட் வண்டிக்கு 55 வாட் பல்ப், சுமார் நாலரை ஆம்பியர்.

பல்பை சென்சார் பின்னிலோ, கணினிகள் ஒன்றோடொன்று பேசும் கேன் வயரிலோ, ரிலே காயிலுக்கு ஈசிஎம்மிலிருந்து வரும் வயரிலோ வைக்கவே கூடாது. அந்த கரண்டை ஈசிஎம் உள்ளே உள்ள டிரைவர் சர்க்யூட் தாங்காது. அங்கெல்லாம் மீட்டர் மட்டும்.

எச்சரிக்கை ஒன்று. ஈசிஎம் பேட்டரி வோல்டேஜை உள்ளேயே உயர்த்தித்தான் இன்ஜெக்டரை அடிக்கிறது. சோலினாய்டு வகையில் 50 வோல்ட் அளவிலோ அதற்கு மேலோ, பைசோ வகையில் 100 வோல்ட்டைத் தாண்டும். எஞ்சின் ஓடும்போது இன்ஜெக்டர் வயரைத் தொடாதீர்கள். இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் காமன் ரெயில் பைப் நட்டையும் லூஸ் செய்யாதீர்கள். அங்கே அழுத்தம் 1,600 பார், அதற்கும் மேல். ஈசிஎம் கப்ளரைக் கழற்றும் வரிசை: சாவி ஆஃப், இரண்டு நிமிடம் காத்திருப்பு, பேட்டரி நெகட்டிவ், அதன் பிறகே கப்ளர்.

ஸ்கேனர் என்ன சொல்கிறது

ஃபால்ட் கோடு பி0562 என்றால் சிஸ்டம் வோல்டேஜ் குறைவு, பி0563 அதிகம். பி0685 முதல் பி0688 வரை மெயின் ரிலே சம்பந்தப்பட்டவை. பி0641, பி0651, பி0697 மூன்றும் சென்சார்களுக்குப் போகும் 5 வோல்ட் லைன்கள். கனரக வண்டியில் கோடுகள் எஸ்பிஎன் என்ற எண்ணோடு வரும்: எஸ்பிஎன் 168 பேட்டரி வோல்டேஜ், எஸ்பிஎன் 158 சாவி லைன் வோல்டேஜ், எஸ்பிஎன் 1485 மெயின் ரிலே. கம்மின்ஸ் கோடு 441 பேட்டரி வோல்டேஜ் குறைவு, 442 அதிகம்.

ஒரே நேரத்தில் சம்பந்தமில்லாத ஆறேழு சென்சார் கோடுகள் வந்தால் ஆறேழு சென்சார் கெட்டுவிடவில்லை. எல்லோருக்கும் பொதுவான ஒரு வயர் கெட்டிருக்கிறது.

ஈசிஎம் பேசுகிறது என்றால் ஒரு குறுக்கு வழி உண்டு. ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் பேட்டரி வோல்டேஜைப் பாருங்கள். அது ஈசிஎம் தன் வாசலில் தானே அளந்தது. அதே நேரம் பேட்டரி துருவத்தில் மீட்டரை வைத்து அளந்து ஒப்பிடுங்கள். ஹெட்லைட், ஏசி எல்லாம் போட்ட நிலையில் வித்தியாசம் அரை வோல்ட்டைத் தாண்டினால் வழியில் எங்கோ வோல்டேஜ் காணாமல் போகிறது.

பேசவே இல்லை என்றால் முதலில் ஸ்கேனர் சாக்கெட்டைச் சந்தேகியுங்கள். 16 பின் சாக்கெட்டில் 16ஆம் பின் பாசிட்டிவ், 4, 5 எர்த். கனரக 9 பின் வட்ட சாக்கெட்டில் ஏ எர்த், பி பாசிட்டிவ், சி, டி இரண்டும் கேன். பேட்டரியைக் கழற்றிவிட்டு சி, டி இடையே ஓம் அளந்தால் சுமார் 60 வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனை ரெசிஸ்டர் வழியில் இல்லை.

படி 1: பேட்டரி

ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, கொஞ்சம் ஓய்வு கொடுத்து, இரண்டு பேட்டரியையும் தனித்தனியாக அளக்கவும். 12.6 முழு சார்ஜ், 12.4 முக்கால், 12.2 பாதி. இரண்டுக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் காரணத்தைத் தேடுங்கள். லாரிகளில் வழக்கமான காரணம் ஸ்டீரியோ: 12 வோல்ட் செட்டுக்கு ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் வயர் எடுத்திருப்பார்கள். அந்த பேட்டரி எப்போதும் பசியில், மற்றது எப்போதும் அதிக சார்ஜில். ஆறே மாதத்தில் இரண்டும் கெடும் வழி இது. ஸ்டீரியோவுக்கு 24-லிருந்து 12 ஆக்கும் கன்வெர்ட்டர் போட்டுவிட்டால் தீர்ந்தது.

பிறகு மீட்டரை மின்-மேக்ஸில் வைத்து செல்ஃப் அடியுங்கள். 24 வோல்ட் வண்டியில் 18-க்குக் கீழே, 12 வோல்ட்டில் 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரியையும் செல்ஃப் மோட்டாரையும் சரிசெய்யாமல் ஈசிஎம் பக்கம் போவது வீண்.

படி 2: ஃபியூஸ்

ஃபியூஸ் கம்பி அறுபடாமல் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து விட்டுவிடாதீர்கள். கழற்றிக் கால்களைப் பாருங்கள். ஒரு கால் மட்டும் பழுப்பேறியிருந்தால், பிளாஸ்டிக் ஓரம் லேசாக உருகியிருந்தால், அந்த சாக்கெட்டின் பிடி தளர்ந்து சூடாகிறது. புது ஃபியூஸை மெதுவாகச் செருகி இழுத்துப் பாருங்கள். பக்கத்து ஃபியூஸைவிட லேசாக வந்துவிட்டால் பெண் டெர்மினலை மாற்ற வேண்டும். இடுக்கியால் நெருக்கி வைப்பது ஒரு வாரத் தீர்வு.

ஈசிஎம் ஃபியூஸுக்குப் பின்னால் வேறு எதற்காவது வயர் எடுத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். கலர் லைட், ஏர் ஹாரன் வால்வு, ஜிபிஎஸ் எல்லாம் இங்கே வந்து தொங்குவது சகஜம். எல்லாவற்றையும் அறுத்து, அவற்றுக்குத் தனி ஃபியூஸ் கொடுங்கள்.

படி 3: எர்த், அதிக நேரம் செலவிட வேண்டிய இடம்

மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கருப்பு முனையை பேட்டரி நெகட்டிவ் துருவத்தின் ஈயத்தின் மேலேயே அழுத்துங்கள். கிளாம்பின் மேல் வைத்தால் கிளாம்புக்கும் துருவத்துக்கும் இடையே உள்ள கோளாறு தெரியாமல் போகும். சிவப்பு முனையை, கப்ளர் மாட்டியபடியே, பின்பக்கமாக ஊசி செருகி ஈசிஎம் எர்த் பின்னில் வையுங்கள். சாவி ஆனில் 0.1 வோல்ட்டுக்குள், செல்ஃப் அடிக்கும்போது 0.3-க்குள் இருக்க வேண்டும். ஒவ்வொரு எர்த் பின்னுக்கும் தனித்தனியாக இதைச் செய்யுங்கள்.

அதிகமாக வந்தால் கருப்பை அசைக்காமல், சிவப்பை மட்டும் படிப்படியாக பேட்டரியை நோக்கி நகர்த்துங்கள்: ஈசிஎம் பின், எர்த் வயரின் லக், லக்கைப் பிடிக்கும் போல்ட், சேசிஸ் இரும்பு, பேட்டரி கேபிளின் லக், கிளாம்ப். எந்த இரண்டு இடத்துக்கு இடையே எண் சட்டென்று விழுகிறதோ கோளாறு அங்கே.

லக்கைக் கழற்றினால் பெரும்பாலும் அடியில் பெயிண்ட் இருக்கும், அல்லது செம்புக்கும் இரும்புக்கும் நடுவே பச்சை பூத்திருக்கும். உப்புத்தாளால் இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, பல் வாஷர் போட்டு இறுக்கி, இறுக்கிய பிறகு மேலே கிரீஸோ பெயிண்டோ பூசுங்கள். இறுக்குவதற்கு முன் பூசினால் மறுபடி அதே கதை.

எஞ்சினிலிருந்து சேசிஸுக்கு வரும் பின்னல் எர்த் பட்டையைத் தனியாகச் சோதிக்க வேண்டும். அது அறுந்திருந்தால் செல்ஃப் மோட்டாரின் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கிடைத்த சந்து பொந்து வழியே திரும்பும். ஈசிஎம் எர்த் வயரும் அந்தச் சந்துகளில் ஒன்றாகிவிடலாம். எஞ்சின் பிளாக்குக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே, செல்ஃப் அடித்தபடி, அரை வோல்ட்டுக்கு மேல் வந்தால் பட்டையை மாற்றுங்கள்.

படி 4: சாவி லைன்

செல்ஃப் அடிக்கும்போது பிடிக்காமல், சாவியை விட்ட கணத்தில் லேசாக உறுமிப் பிடிக்கும் வண்டி என்றால் நேராக இங்கே வாருங்கள். இக்னிஷன் ஸ்விட்ச் ஸ்டார்ட் நிலைக்குத் திரும்பும்போது உள்ளே தேய்ந்த காண்டாக்ட் சாவி லைனை விட்டுவிடுகிறது, ஈசிஎம் அணைந்துவிடுகிறது. ஈசிஎம் சாவி பின்னில் மீட்டரை மின்-மேக்ஸில் வைத்து செல்ஃப் அடியுங்கள். பேட்டரி 20-க்கு இறங்கும்போது சாவி லைனும் 20-க்கு அருகில் இருக்க வேண்டும். 12, 8 என்று விழுந்தால் ஸ்விட்ச், அல்லது அதற்கு வரும் ஃபியூஸ்.

படி 5: மெயின் ரிலே

கப்ளரைக் கழற்றிவிட்டால் ரிலே ஒட்டாது, ஏனென்றால் அதை இழுப்பதே ஈசிஎம்தான். கழற்றிய கப்ளரில் சப்ளை இல்லை என்று கண்டு குழம்புகிறவர்கள் உண்டு. சரியான முறை: கப்ளர் கழற்றிய நிலையில் ரிலேயை எடுத்துவிட்டு, சாக்கெட்டில் 30-ஐயும் (பேட்டரி பக்கக் கால்) 87-ஐயும் ஃபியூஸ் வைத்த ஜம்பரால் இணையுங்கள். இப்போது 70 வாட் பல்பின் ஒரு முனையை கப்ளரின் பாசிட்டிவ் பின்னுக்கும் மறுமுனையை பேட்டரி நெகட்டிவுக்கும் கொடுங்கள். பளிச்சென்று எரிய வேண்டும். எரியும்போதே பேட்டரி பாசிட்டிவுக்கும் அந்தப் பின்னுக்கும் இடையே அளந்தால் அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது. மங்கலாக எரிந்தால் வயர், மீட்டர் 24 காட்டினாலும் சரி. கம்மின்ஸ் வகையில் ஜம்பர் தேவையில்லை, பல்பை நேராகப் போடலாம்.

கப்ளருக்குள் பல்ப் வயரைத் திணிக்காதீர்கள். அதே அளவுள்ள ஆண் பின் ஒன்றைச் செருகி அதில் பிடியுங்கள். சோதிக்கப் போய் டெர்மினலை அகலமாக்கிவிட்டால் புதுக் கோளாறு உங்களுடையது.

வயர் சரி என்றால் ரிலே. ரிலே வேலை செய்யும்போது 30-க்கும் 87-க்கும் இடையே இழப்பு 0.1-க்குள் இருக்க வேண்டும். மாற்றும்போது மேலே அச்சிட்டிருக்கும் வோல்டேஜைப் பாருங்கள்: 12 வோல்ட் ரிலேயை 24 வண்டியில் போட்டால் காயில் வெந்துவிடும். உள்ளே டையோடு வைத்த ரிலேயில் காயிலின் இரு கால்களான 85, 86 இடம் மாறினால் டையோடு வழியே ஷார்ட்டாகி, ஈசிஎம்மின் ரிலே டிரைவர் சர்க்யூட் போகும். பழைய ரிலேயின் படத்தையும் புதியதின் படத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது அரை நிமிட வேலை.

ரிலே நல்லது, ஆனால் ஈசிஎம் அதை இழுக்கவில்லை என்றால்? சாவி லைனும் எல்லா எர்த் பின்களும், வரைபடத்தில் நிரந்தர பாசிட்டிவ் இருந்தால் அதுவும், லோடோடு தேறிய பிறகே ஈசிஎம்மைச் சந்தேகிக்கலாம்.

படி 6: 5 வோல்ட்

மெயின் சப்ளை சுத்தமாக இருந்தும் பல சென்சார் கோடுகள் சேர்ந்து வந்தால், சாவி ஆனில் ஒரு சென்சார் கப்ளரில் 5 வோல்ட் பின்னை அளக்கவும். 4.75-க்கும் 5.25-க்கும் இடையே இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் அந்த லைனில் உள்ள சென்சார்களை, மீட்டரைப் பார்த்தபடி, ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள்: ரெயில் பிரஷர், பூஸ்ட் (டர்போ அழுத்தம்), கேம், ஈஜிஆர் (புகையைத் திரும்ப எஞ்சினுக்கு விடும் வால்வு), டிபிஎஃப் (புகைக்கரி ஃபில்டர்) பிரஷர். எதைக் கழற்றியதும் 5 திரும்புகிறதோ அதுவோ அதன் வயரோதான். சில ஈசிஎம்கள் ஷார்ட் நீங்கினாலும் சாவியை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்தால்தான் 5-ஐத் திரும்பக் கொடுக்கும். அந்த வகையில் ஒவ்வொரு முறையும் சாவியைத் திருப்பிப் பாருங்கள்.

எல்லாவற்றையும் கழற்றியும் திரும்பவில்லை என்றால் ஈசிஎம் கப்ளரையும் எடுத்துவிட்டு, 5 வோல்ட் வயருக்கும் சேசிஸுக்கும் ஓம் அளக்கவும். எண் காட்டினால் வயர் எங்கோ உரசி இரும்பைத் தொடுகிறது. டர்போ பக்கமும், பிராக்கெட் விளிம்புகளும், கேபின் சாயும்போது வளையும் இடமும் முதலில் பார்க்க வேண்டியவை.

படி 7: டைனமோ

எஞ்சின் ஓடும்போது 27.6 முதல் 28.8 வரை, 12 வோல்ட்டில் 13.8 முதல் 14.5 வரை. பிறகு மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி பேட்டரியில் அளக்கவும். அரை வோல்ட்டுக்கு மேல் ஏசி வந்தால் டைனமோவின் டையோடு ஒன்று போயிருக்கிறது. சார்ஜ் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த அலை, எஞ்சின் சுழற்சியைச் சொல்லும் கிராங்க் சென்சார் சிக்னலைக் குழப்பி, காரணம் தெரியாத மிஸ்ஃபயரைக் கொடுக்கும்.

வயரைச் சரிசெய்வது

முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் ஈசிஎம் வயரிங்கில் கூடவே கூடாது. அதே கனமுள்ள வயர், சரியான கிரிம்பிங் (நசுக்கிப் பிடிக்கும்) கருவி, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க். எஞ்சின் அதிரும் இடத்தில் ஈயம் வைத்த வயர் ஈயம் முடியும் விளிம்பில்தான் ஒடியும், அதனால் கிரிம்ப்தான் எங்கள் சிபாரிசு. பல வயர்களில் ஜாயின்ட் போட வேண்டியிருந்தால் ஒரே இடத்தில் குவிக்காமல் விரற்கடை தள்ளித் தள்ளிப் போடுங்கள்.

கப்ளரைத் திறந்தால் உள்ளே ஆயில் ஈரம் இருக்கிறதா? கெட்டுப்போன ஆயில் பிரஷர் சென்சாரிலிருந்து ஆயில் வயரின் இழைகளுக்குள் விளக்குத்திரியில் ஏறுவதுபோல் ஏறி, மீட்டர் கணக்கில் பயணம் செய்து ஈசிஎம் பின்வரை வரும். காண்டாக்ட் கிளீனரால் கழுவுவதோடு நிறுத்தாமல் அந்த சென்சாரை மாற்றுங்கள்.

ஈசிஎம்மின் உள்ளே

கப்ளரை மாட்டிய உடனே ஃபியூஸ் போகிறது, கழற்றினால் நிற்கிறது என்றால், கழற்றிய ஈசிஎம்மின் பாசிட்டிவ் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் ஓம் பாருங்கள். இரண்டு திசையிலும் பூஜ்யத்துக்கு அருகே வந்தால் எகிறும் வோல்டேஜைத் தடுக்க வாசலில் காவலுக்கு நிற்கும் டிவிஎஸ் டையோடு ஷார்ட்டாகியிருக்கலாம். பேட்டரியைத் தலைகீழாக மாட்டியது, 12 வண்டிக்கு 24 ஜம்ப் கொடுத்தது, எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றியது ஆகியவை இதற்கு வழக்கமான காரணங்கள். கடைசியாகச் சொன்னதில் டைனமோ ஒரு கணம் 24 வோல்ட் லைனில் நூறு வோல்ட்டுக்கு மேல் எகிற முடியும். டிவிஎஸ் தன்னைப் பலி கொடுத்து மற்றதைக் காப்பாற்றியிருந்தால், அதே ரேட்டிங்கில் மாற்றினால் ஈசிஎம் பிழைக்கும்.

உள்ளே வோல்டேஜை உயர்த்தும் பகுதி கெட்டால் ஈசிஎம் ஸ்கேனரோடு நன்றாகப் பேசும், ஆனால் இன்ஜெக்டர்கள் மொத்தமாகவோ பாதி வரிசையாகவோ நிற்கும். இதற்குப் பேர்போன உதாரணம் அமெரிக்காவில் 2003 முதல் 2007 வரை ஃபோர்டு சூப்பர் டியூட்டி பிக்கப்களில் வந்த 6.0 லிட்டர் பவர்ஸ்ட்ரோக் எஞ்சின். அதில் இன்ஜெக்டருக்கென்று தனி மாட்யூல். அது 48 வோல்ட் கொடுக்க வேண்டும். 45-க்குக் கீழே வந்தால் முதலில் காலைக் குளிரில் ஸ்டார்ட்டிங் தகராறு. அதன் பவர் சப்ளை போர்டில் சால்டர் விரிசல் விடுவது வழக்கம். பலவீனமான பேட்டரியோடு ஓட்டினால் அதே வோல்டேஜைக் கொடுக்க அந்த போர்டு அதிக கரண்ட் இழுத்துச் சூடாகி இன்னும் சீக்கிரம் போகும்.

போர்டு வேலை தெரியாதவர்கள் மூடியைத் திறக்க வேண்டாம். வேறு ஈசிஎம் போடுவதென்றால் சாஃப்ட்வேர், இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு), சேசிஸ் நம்பர், ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையில் அச்சிட்டிருக்கும் கோடு எண் எல்லாம் ஏற்ற வேண்டும். பழையது பேசும் நிலையில் இருந்தால் கழற்றுவதற்கு முன்பே அந்த டேட்டாவைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியைக் கொடுப்பதற்கு முன்

ஃபால்ட் கோடுகளை அழித்து, மூன்று முறை ஸ்டார்ட் செய்து, எர்த் பக்க வோல்டேஜ் இழப்பையும் பாசிட்டிவ் பக்க இழப்பையும் மறுபடி அளந்து ஜாப் கார்டில் எழுதுங்கள். எஞ்சின் ஓடும்போது வயரிங் செட்டை ஈசிஎம்மிலிருந்து ஃபியூஸ் பாக்ஸ்வரை ஒரு சாண் ஒரு சாணாக அசைத்துப் பாருங்கள். சாவி ஆஃப் செய்து ரிலே விடும் 'டிக்' சத்தம் சில விநாடி கழித்து வருகிறதா என்று கேளுங்கள். உடனே வந்தால் ஈசிஎம் எழுதி முடிக்கவில்லை. வெகுநேரம் வரவே இல்லை என்றால் காலையில் பேட்டரி காலி.

டிரைவரிடம் இரண்டு விஷயம் சொல்லி அனுப்புங்கள். சாவி ஆஃப் செய்த கையோடு பேட்டரி கட்-ஆஃப் ஸ்விட்சைத் திருப்பக் கூடாது. இரண்டு நிமிடமாவது விட வேண்டும். இல்லாவிட்டால் ஈசிஎம் பதிவு பாதியில் நிற்கும், பிஎஸ்6 வண்டியில் யூரியா பைப்பிலேயே படிகமாகி அடைக்கும். சேசிஸிலோ பாடியிலோ வெல்டிங் என்றால் பேட்டரி இரண்டு முனையையும் ஈசிஎம் கப்ளரையும் கழற்றிய பிறகு, வெல்டிங் எர்த்தைப் பற்றவைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே பிடிக்கச் சொல்ல வேண்டும்.